டிவி பதிவுகளைச் சுருக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

கேள்வி இது: டிவி டியூனர் கார்டு வைத்துப் பதிவு செய்த நிகழ்ச்சிகள் ஹார்ட் டிஸ்க்கை நிறைத்துவிட்டன. எல்லாம் டி.எஸ். ஃபைல்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சி சில 2 ஜிபி, சில 4 ஜிபியை ஒட்டி இருக்கின்றன. ஏதோ ஒரு கன்வெர்ட்டரில் போட்டு எம்.பி.4 ஆக்கியதில் அளவு குறைந்தது. ஆனால் ஆட்கள் நகரும்போது படத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிகின்றன, பாதி தாண்டியதும் வாயசைவும் பேச்சும் ஒட்டவில்லை. எந்த மென்பொருள், என்ன அமைப்பு? சுருக்குவதற்கு எச்.265 முறைக்குப் போகலாமா, ஏவி1 முறைக்குப் போகலாமா?

மென்பொருள் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹேண்ட்பிரேக். இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் அதைத் திறப்பதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைதான் அதிகம். உங்களுக்கு வந்த கோடும் ஒலி விலகலும் அந்த வேலையைத் தாண்டிக் குதித்ததால் வந்தவை. சுருக்குவது கடைசிப் படி. சில ஃபைல்களுக்கு அந்தப் படியே தேவைப்படாது.

கையில் இருப்பது என்ன என்று முதலில் பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் உண்டு. ஃபைலை அதில் போட்டால் வீடியோ எந்த கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை), படத்தின் அளவு என்ன, நொடிக்கு எத்தனை ஃபிரேம், இன்டர்லேஸா (படம் பாதி பாதியாக வருவது) புரோகிரசிவா (முழுதாக வருவது), ஒலி டிராக் எத்தனை என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும். உங்கள் 2 ஜிபி ஃபைல்கள் அநேகமாக எஸ்.டி. (சாதாரணத் தெளிவு) சேனல்களாக இருக்கும்: எம்பெக்-2 கோடெக், 720க்கு 576 அல்லது 480 அளவு, நொடிக்கு 4 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேல். நொடிக்கு 4 மெகாபிட் என்றால் அரை மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி. 4 ஜிபியை ஒட்டியவை எச்.டி. சேனல்களாக இருக்கலாம்: 1920க்கு 1080, எச்.264 கோடெக், நொடிக்கு 8 மெகாபிட் அளவில்.

இந்த இரண்டு வகையையும் ஒரே அமைப்பில் போட்டுத் தள்ளக் கூடாது. எம்பெக்-2 1990களின் நடுவில் வந்தது, எச்.264 2003-ல் வந்தது. முன்னதைப் பின்னதற்கு மாற்றினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமலே அளவு பாதிக்கும் கீழே வருவது சகஜம். ஏற்கெனவே எச்.264-ல் இருப்பதை மறுபடி எச்.264 ஆக்கினால் மிச்சமாவது அவ்வளவு இருக்காது, தரத்தில் கொஞ்சம் போவது நிச்சயம். மிச்சமே ஆகாது என்றும் சொல்ல முடியாது. சேனலின் என்கோடர் (படத்தைச் சுருக்கும் கருவி) நேரலையில் அந்தந்த நொடியிலேயே முடிவெடுத்தாக வேண்டும். உங்கள் கணினிக்கு அந்த அவசரம் இல்லை, ஒரு நிமிடப் படத்தை மூன்று நிமிடம் எடுத்துச் சுருக்கலாம்.

அடுத்து, எம்.பி.4 ஆக்க வேண்டும் என்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது சுருக்கமே இல்லை. டி.எஸ்., எம்.பி.4, எம்.கே.வி. எல்லாம் கன்டெய்னர்கள். படமும் ஒலியும் அவற்றுக்குள் தனியாக இருக்கின்றன. டி.எஸ். ஒளிபரப்புக்காகவே உருவான கன்டெய்னர். 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகத் தரவு வரும், நடுவில் சில தொலைந்தாலும் செட்டாப் பெட்டி அடுத்ததிலிருந்து பிடித்துக்கொள்ளும். காற்றிலும் கேபிளிலும் வரும்போது அது நல்ல குணம். டிஸ்க்கில் வைத்துப் பார்க்கும்போது அதுவே தொல்லை: நடுவில் ஓரிடத்துக்குத் தாவினால் தடுமாறும், சில டிவிகளும் போன்களும் ஃபைலைத் திறக்கவே மறுக்கும். அதற்கு உள்ளே இருப்பதைத் தொடாமல் கன்டெய்னரை மட்டும் மாற்றினால் போதும். ரீமக்ஸ் என்பார்கள். ஃபைலை நகல் எடுக்கும் நேரம்தான் ஆகும், தரத்தில் ஒரு பிட் கூடக் குறையாது. எம்.கே.வி.டூல்நிக்ஸ் இதற்குப் போதும். கட்டளை அடித்துப் பழகியவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக். ஹேண்ட்பிரேக்கால் இது முடியாது, அது வீடியோவை எப்போதும் மறுபடி என்கோட் செய்தே தீரும். இது தெரியாமல் கன்டெய்னர் மாற்றுவதற்காக மணிக்கணக்கில் கணினியை ஓட விடுகிறவர்கள் நிறையப் பேர்.

எம்.பி.4-ஆ எம்.கே.வி.யா என்றால் என் ஓட்டு எம்.கே.வி.க்கு. டிவி பதிவோடு வரும் எம்.பி.2 ஒலி, இரண்டாவது மொழி டிராக், படமாக வரும் சப்டைட்டில் எல்லாவற்றையும் அது ஏற்றுக்கொள்ளும். எம்.பி.4 இந்த விஷயங்களில் கொஞ்சம் பிகு பண்ணும். நீங்கள் பார்க்கும் கருவி எம்.கே.வி.யைத் திறக்காவிட்டால் மட்டும் எம்.பி.4.

சில பெட்டிகள் பதிவை 4 ஜிபிக்கு ஒரு துண்டாக வெட்டி வைத்திருக்கும். டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால்தான். டி.எஸ். துண்டுகளை வரிசை மாறாமல் பைட்டுக்குப் பைட் அப்படியே ஒட்டினாலே பொதுவாக ஒரு முழு ஃபைல் கிடைத்துவிடும். எம்.பி.4 துண்டுகளை அப்படி ஒட்ட முடியாது. அதனால் ஒட்டும் வேலையை மாற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அப்புறம் விளம்பரம். ஒரு மணி நேரப் பதிவில் கால் மணி நேரம் விளம்பரம் என்றால், அதை வெட்டினாலே அளவில் கால் பங்கு போய்விடும், அதுவும் தரம் துளியும் குறையாமல். எந்த கோடெக்கும் இவ்வளவு சுத்தமான லாபம் தராது. லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் இரண்டும் இதற்கு ஏற்றவை. ஒன்று கவனிக்க வேண்டும்: மறுபடி என்கோட் செய்யாமல் வெட்டினால் நினைத்த ஃபிரேமில் வெட்ட முடியாது, கீஃபிரேம் இருக்கும் இடத்தில்தான் வெட்டு விழும். முழுப் படமாகப் பதிவாவது கீஃபிரேம் மட்டுமே. நடுவில் உள்ளவை முன்பின் ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள். எம்பெக்-2 ஒளிபரப்பில் கீஃபிரேம் பெரும்பாலும் அரை நொடிக்கு ஒன்று வரும், எச்.264-ல் ஒன்றிரண்டு நொடிகூட ஆகலாம். ஆகவே விளம்பரத்தின் கடைசி நொடி ஒட்டிக்கொண்டு வந்தால் விட்டுவிடுங்கள். நிகழ்ச்சியின் முதல் வார்த்தை போவதைவிட அது மேல். காம்ஸ்கிப் என்ற மென்பொருள் கறுப்பு ஃபிரேம், மௌனம், சேனல் லோகோ மறைவது இவற்றை வைத்து விளம்பரத்தைத் தானே கண்டுபிடிக்கும். சில சேனல்களில் நன்றாக வேலை செய்யும், சிலவற்றில் நிகழ்ச்சியையே வெட்டிவிடும். அது காட்டும் இடங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

இப்போது அந்தக் கோடுகள். எஸ்.டி. ஒளிபரப்பும், 1080ஐ (1080i) எனப்படும் எச்.டி. ஒளிபரப்பும் இன்டர்லேஸ் முறையில் வருகின்றன. நொடிக்கு 25 முழுப் படம் என்று மீடியாஇன்ஃபோ சொன்னாலும், உண்மையில் வருவது 50 அரைப் படங்கள். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் இதுவே 30, 60 என்று இருக்கும். முக்கியமான விஷயம், இந்த இரண்டு அரைப் படங்களும் ஒரே கணத்தில் எடுத்தவை அல்ல, இடையில் ஐம்பதில் ஒரு நொடி ஓடிவிட்டது. அதற்குள் பந்து நகர்ந்திருக்கும், கை அசைந்திருக்கும். இரண்டையும் அப்படியே சேர்த்து ஒரு ஃபிரேம் ஆக்கினால் அசைந்த பொருளின் ஓரங்களில் வரி வரியாகப் பிசிறு தெரியும். டிவி தனக்குள்ளேயே இதைச் சரிசெய்து காட்டுகிறது, அதனால் அங்கே நீங்கள் பார்த்ததில்லை. உங்கள் கன்வெர்ட்டர் சரிசெய்யாமலே புரோகிரசிவ் என்று முத்திரை குத்திவிட்டது.

மூலத்தை ஏற்கெனவே அழித்திருந்தால் அந்த எம்.பி.4 ஃபைல்களைப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதிலும் சுருக்கும்போது படத்தின் அளவையும் குறைத்திருந்தால் ஒற்றை வரியும் இரட்டை வரியும் ஒன்றில் ஒன்று கரைந்திருக்கும், பிரிக்கவே முடியாது. எனவே வரிசை முக்கியம்: முதலில் டீஇன்டர்லேஸ் (அரைப் படங்களை முழு ஃபிரேம்களாக்குவது), பிறகுதான் அளவு மாற்றுவது.

எல்லாவற்றுக்கும் டீஇன்டர்லேஸ் தேவையா என்றால், இல்லை. ஸ்டுடியோ நிகழ்ச்சி, செய்தி, விளையாட்டு இவை பெரும்பாலும் உண்மையான இன்டர்லேஸ். சினிமா அப்படி இல்லை. 50 ஹெர்ட்ஸ் ஒளிபரப்பில் சினிமாவின் ஒரே ஃபிரேம்தான் இரண்டு அரைப் படங்களாகப் பிரிந்து வரும், சேர்த்தால் கோடே இருக்காது. 60 ஹெர்ட்ஸ் ஒளிபரப்பில் நொடிக்கு 24 ஃபிரேம் கொண்ட சினிமாவை 60 அரைப் படங்களாக நீட்டியிருப்பார்கள், அதற்கு டீடெலிசைன் என்று தனி வடிகட்டி உண்டு. ஃபைல் தன்னை இன்டர்லேஸ் என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். வி.எல்.சி. பிளேயரில் டீஇன்டர்லேஸை அணைத்துவிட்டு, ஆள் வேகமாக நகரும் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். கோடு தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் இல்லை. செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்துப் பட்டையைவிடக் கறாரான பரிசோதனை கிடையாது.

ஹேண்ட்பிரேக்கில் வடிகட்டிகள் பக்கத்தில் யாடிஃப், டீகோம்ப் என்ற பெயர்களைப் பார்ப்பீர்கள், புதிய பதிப்புகளில் பிடபிள்யூடிஃப்-உம் இருக்கும். பிடபிள்யூடிஃப் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமான தேர்வு பாப் என்பது. சாதாரண முறையில் இரண்டு அரைப் படங்களிலிருந்து ஒரு ஃபிரேம் வரும், அசைவில் பாதி போய்விடும். பாப் முறையில் ஒவ்வொரு அரைப் படமும் ஒரு முழு ஃபிரேம் ஆகி, நொடிக்கு 50 கிடைக்கும். கிரிக்கெட், கால்பந்து, நடனம் இவற்றுக்கு இதுதான் சரி. 25-ல் பார்த்தால் பந்து தத்தித் தத்திப் போகும். ஃபைல் இரண்டு மடங்காகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் கொஞ்சம்தான் கூடும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கின் தயார் அமைப்புகளில் பெயர் 30 என்று முடிபவை நொடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல் விடாது. பாப் போட்டுவிட்டு அந்த வரம்பை 50 அல்லது 60 ஆக மாற்ற மறந்தால், செய்ததெல்லாம் வீண். உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிகளுக்கு 25 போதும்.

ஒலி விலகலுக்கு வருவோம். எப்படி விலகுகிறது என்பதைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு விலகல் என்றால் சின்ன விஷயம், எம்.கே.வி.டூல்நிக்ஸில் ஒலி டிராக்குக்கு இத்தனை மில்லிநொடி தாமதம் என்று கொடுத்தால் சரியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனால் ஃபிரேம் வேகம் தவறாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. நீங்கள் சொல்வது மூன்றாவது வகை போல இருக்கிறது: பாதிவரை சரி, அதற்குப் பிறகு ஒரே தாவலாக விலகல். பதிவாகும்போது சிக்னல் ஒரு கணம் விட்டுப்போய் பாக்கெட்டுகள் தொலைந்திருக்கும். டி.எஸ்.ஸில் படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனி நேர முத்திரை உண்டு, நல்ல பிளேயர் அதைப் பார்த்து மறுபடி இணைத்துக்கொள்ளும். மோசமான கன்வெர்ட்டர் முத்திரைகளைப் பார்க்காமல், இருக்கிற படத்தையும் இருக்கிற ஒலியையும் முதலிலிருந்து வரிசையாக அடுக்கிவிடும். படத்தில் அரை நொடியும் ஒலியில் கால் நொடியும் தொலைந்திருந்தால், அந்தக் கால் நொடி வித்தியாசம் கடைசிவரை கூடவே வரும். இப்படிப் பல இடங்களில் அறுந்திருந்தால் வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும்.

எனவே மூல டி.எஸ். வி.எல்.சி.யில் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் முதலில் எம்.கே.வி.க்கு ரீமக்ஸ் செய்து, அதைத் திறந்து அறுந்த இடத்துக்குப் பிறகு உதட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே சரியாகிவிடும். அதன் பிறகு அந்த எம்.கே.வி.யை ஹேண்ட்பிரேக்குக்குக் கொடுங்கள். எம்பெக்-2 பதிவு அப்போதும் அடம்பிடித்தால் பிராஜெக்ட்எக்ஸ் என்ற பழைய ஜாவா மென்பொருள் இருக்கிறது. முகப்பு பார்க்கச் சகிக்காது. ஆனால் அறுந்த பதிவைத் தைப்பதில் கெட்டிக்காரன். இன்னொரு விசித்திரமும் உண்டு: அந்த நேர முத்திரை 33 பிட் எண், நொடிக்கு 90,000 என்ற வேகத்தில் ஓடுவது. சுமார் இருபத்தாறரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறைந்து பூஜ்யத்துக்குத் திரும்பும். அந்தத் திருப்பம் உங்கள் பதிவின் நடுவில் விழுந்தால், ஒரு மணி நேர ஃபைல் இருபத்தாறு மணி நேரம் என்று காட்டும். பயப்பட ஒன்றுமில்லை, எஃப்எஃப்எம்பெக்கில் ஒருமுறை ரீமக்ஸ் செய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இனி சுருக்கம். பிட்ரேட் (நொடிக்கு இத்தனை பிட் என்ற அளவு) கொடுக்காதீர்கள், தர எண் கொடுங்கள். ஹேண்ட்பிரேக்கில் அது ஆர்.எஃப். என்று இருக்கும். செய்தி வாசிப்பவர் அசையாமல் இருக்கும் படத்துக்கும் மைதானம் முழுக்க ஓடும் ஆட்டத்துக்கும் ஒரே பிட்ரேட் கொடுத்தால் ஒன்றில் வீண், மற்றதில் போதாது. தர எண் கொடுத்தால் தேவைக்கேற்ப என்கோடரே எடுத்துக்கொள்ளும். எண் குறைந்தால் தரம் கூடும். எச்.264க்கு எஸ்.டி. என்றால் 18 முதல் 22 வரை, 1080 எச்.டி. என்றால் 20 முதல் 24 வரை வைக்கலாம். எண்ணை 6 குறைத்தால் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும், 6 கூட்டினால் பாதியாகும் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்று ஓட்டிச் சராசரி பிட்ரேட்டில் சுருக்குவது ஒரு குறிப்பிட்ட அளவுக்குள், உதாரணமாக ஒரு டிவிடிக்குள், அடக்க வேண்டியிருந்தால் மட்டும். வேக அமைப்பில் மீடியம் போதும், பொறுமை இருந்தால் ஸ்லோ. அதற்கு மேல் மெதுவாகப் போனால் மின்சாரச் செலவுதான் மிச்சம்.

ஒலியைச் சுருக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை. 192 கிலோபிட் ஒலி ஒரு மணி நேரத்துக்கு 86 எம்பிதான். அப்படியே விடும் தேர்வு இருந்தால் அப்படியே விடுங்கள். எஸ்.டி.யைப் பெரிதாக்கி 1080 ஆக்காதீர்கள், இல்லாத விவரம் வராது, ஃபைல் மட்டும் பெருக்கும். முகங்கள் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிந்தால் பிக்சல் விகிதம் தொலைந்துவிட்டது என்று அர்த்தம். 720க்கு 576 படம் அகலத்திரையில் 1024க்கு 576 ஆக விரிய வேண்டும், அந்தக் குறிப்பை ஹேண்ட்பிரேக் தானாகவே காப்பாற்றும், நீங்கள் அதில் கைவைக்காமல் இருந்தால்.

கிராஃபிக்ஸ் கார்டின் என்கோடரைப் பயன்படுத்தலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பல மடங்கு வேகம். அதே தரத்துக்கு ஃபைல் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டு அழிக்கும் நிகழ்ச்சிகளுக்குத் தாராளமாகப் போடுங்கள். பல வருடம் வைத்துக்கொள்ள நினைப்பவற்றை பிராசசரிடம் விட்டு இரவு முழுக்க வரிசையில் ஓட விடுங்கள்.

டியூனர் கார்டு பதிவுக்கு இது பொருந்தாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: பல செட்டாப் பெட்டிகள் யு.எஸ்.பி. டிஸ்க்கில் செய்யும் பதிவைப் பூட்டி வைக்கின்றன. அந்தப் பெட்டியில் மட்டுமே அது ஓடும். கணினியில் எந்த மென்பொருளிலும் படம் வரவில்லை என்றால் அமைப்பை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

முழு ஃபைலையும் ஓட்டுவதற்கு முன் இரண்டு நிமிடத் துண்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். அமைதியான காட்சியை எடுக்காதீர்கள். கூட்டம், தண்ணீர், ஓடும் எழுத்து என்று இருப்பதிலேயே கடினமானதை எடுங்கள். கணினித் திரையில் சரியாகத் தெரிந்தது டிவியில் வேறு மாதிரி தெரியலாம், எதில் பார்ப்பீர்களோ அதில் பாருங்கள். மூலத்தை அழிக்கும் முன் இரண்டின் மொத்த நேரமும் ஒன்றா என்று சரிபார்த்து, கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டி உதடும் பேச்சும் ஒட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எச்.265, ஏவி1 பற்றி. எச்.265 2013-ல் வந்தது. ஒரே தரத்துக்கு எச்.264ஐவிடக் கணிசமாகச் சிறிய ஃபைல் தரும், என்கோட் செய்ய அதிக நேரம் எடுக்கும். இதன் பெரிய லாபம் எச்.டி.யிலும் அதற்கு மேலும்தான். எஸ்.டி. பதிவுகளுக்கு எச்.264 போதும், பெரும்பாலான பழைய கருவிகளிலும் ஓடும். எச்.டி. பதிவுகளுக்கு உங்கள் டிவி எச்.265 ஓட்டும் என்று உறுதியானால் ஆர்.எஃப். 22 முதல் 24 வரை வைத்து ஒரு துண்டைச் சோதித்துவிட்டு இறங்குங்கள். எண்களை எச்.264 எண்களோடு நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம், அளவுகோல் வேறு. ஏவி1 2018-ல் வெளியானது, சுருக்கத்தில் எச்.265-க்கும் ஒரு படி மேல், உரிமக் கட்டணமும் கிடையாது. அதை வன்பொருளிலேயே ஓட்டும் வசதி டிவிகளிலும் போன்களிலும் வந்தது கடந்த சில வருடங்களில்தான். பார்ப்பது கணினியில் மட்டும் என்றால் ஏவி1 எடுத்துக்கொள்ளலாம். உங்கள் 4 ஜிபி எச்.டி. ஃபைல்களை நான் விளம்பரம் வெட்டி, எம்.கே.வி.யாக ரீமக்ஸ் செய்து அப்படியே வைத்துவிடுவேன். இடம் உண்மையிலேயே தீர்ந்தால் மட்டும் எச்.265.